இங்கே கண் ஓட்டை அடைக்கப்படும்

சான் எலியாஸ் ஊரில் அந்த வாரம் கண் உள்ளவர்கள் ஒருவரும் வீட்டில் இல்லை. கண் இல்லாதவர்களையும் கைத்தாங்கலாகக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டார்கள்.

எல்லாரும் கூடியிருந்த இடம் கூரை போட்ட கூடைப்பந்து மைதானம். பந்து வளையத்துக்கு நேர் கீழே மேடை. மேடைக்கு மேலே ஒரு துணிப் பதாகை: ‘இங்கே கண் ஓட்டை அடைக்கப்படும்.’ சைக்கிள் டியூப்புக்கு எழுதுவது போலவே எழுதியிருந்தது. டியூப் ஒட்டுகிறவன் தண்ணீரில் முக்கி, குமிழி வருகிற இடத்தைக் காட்டிவிட்டுத்தான் காசு கேட்பான். பிரதர் சோசிமோவும் அப்படித்தான். ஓட்டையைக் காட்டாமல் அவர் யாரிடமும் கை நீட்டியதில்லை. அதனால்தான் படித்தவர்களும் வரிசையில் நின்றார்கள்.

எதிர்த் தீவில் அவர் கால் வைத்த ஊர்களில் கண்ணாடிக் கடைகளை மூடிவிட்டார்களாம். அதை நேரில் பார்த்தவர்கள் யாரும் இல்லை. பார்த்தவர்களைப் பார்த்தவர்கள் ஏராளம். முகநூலில் அவருடைய படத்தை விரும்பியவர்களுக்கே பாதி குணம் என்று பேச்சு. மைதானத்தைச் சுற்றிச் சர்க்கரைப் பாகில் பொரித்த வாழைப்பழம், பன்சித் நூடுல்ஸ், பிரதர் படம் போட்ட விசிறி, அவர் மூச்சு விட்ட தேங்காய் எண்ணெய் எல்லாம் விற்றன. கறுப்புக் கண்ணாடியும் விற்றது. குணமான கண்ணுக்கு எதற்குக் கறுப்புக் கண்ணாடி என்று யாரும் கேட்கவில்லை. கேட்கிற வழக்கம் இருந்தால் அங்கே ஏன் வருகிறார்கள்?

பிரதர் சோசிமோ வெள்ளை அங்கி அணிந்திருந்தார். கழுத்தில் மீன்பிடி வலைக்குக் கட்டுகிற ஈயக் குண்டு கனத்துக்கு மணிகள். வலது கையில் ஒலிபெருக்கி, இடது கையில் ஓர் அட்டை. அட்டையின் இடது ஓரத்தில் சிறிய சிலுவை, வலது ஓரத்தில் கறுப்புப் புள்ளி. அவ்வளவுதான் மூலதனம்.

மீன் விற்கிற மனாங் எஸ்கோலாவை, ஊருக்கெல்லாம் அக்காவை, மேடைக்கு அழைத்தார்.

“அட்டையைப் பிடிங்க மனாங். இடது கண்ணை மூடுங்க. வலது கண்ணால சிலுவையை மட்டும் பாருங்க. கண்ணு ஆடக் கூடாது! இப்ப அட்டையை மெதுவா முகத்துக்கிட்ட கொண்டாங்க… இன்னும்… புள்ளி எங்க?”

“அட, இங்கதானே… ஐயையோ! காணோம்!”

“தின்னுட்டான்!” என்று முழங்கினார் பிரதர். “கண்தின்னிப் பேய்! உங்க கண்ணுல ஓட்டை போட்டு உள்ள உக்காந்திருக்கான். என் கண்ணுல மட்டும்தான் ஓட்டையே கெடையாது. இன்னிக்குப் புள்ளியைத் தின்னான். நாளைக்குப் புருஷன் முகத்தைத் தின்பான்!”

“அது போனா பரவால்ல பிரதர், தராசு முள்ளு தெரிஞ்சாப் போதும்” என்றாள் எஸ்கோலா. கூட்டம் சிரித்தது. சிரித்துக்கொண்டே பயந்தது.

அப்புறம் பூசை. கொய்யா இலைப் புகை. கண்ணில் ஒரு சொட்டு கலமான்சி எலுமிச்சைச் சாறு. “எரியுதா? பேய் ஓடுறான்!” எலுமிச்சை பிழிந்தால் பேய் இல்லாத கண்ணும் எரியும். ஆனால் அதை ஒப்பிட்டுப் பார்க்க யாரும் வீட்டில் பிழிந்துகொள்ளவில்லையே. கடைசியில் அட்டையை வாங்கி, முத்தம் கொடுத்து, வானத்துக்குக் காட்டி, மீண்டும் எஸ்கோலாவின் கையில் வைத்தார்.

“இப்பச் சொல்லுங்க!”

“தெரியுது! புள்ளி தெரியுது! போகவே இல்ல!”

மைதானம் அதிர்ந்தது. வலது கண்ணுக்கு ஒரு காணிக்கை. இடது கண்ணுக்கு அடுத்த வெள்ளிக்கிழமை, வேறொரு காணிக்கை. பேய்க்கு வாரவிடுமுறை உண்டு போலிருக்கிறது. இரண்டு கண்ணும் அறவே தெரியாத ஒரு கிழவரைக் கொண்டுவந்து நிறுத்தினார்கள். “எனக்குச் சிலுவையும் தெரியல, புள்ளியும் தெரியல பிரதர்” என்றார். “முழுசாத் தின்னுட்டான்” என்று பிரதர் தலையை ஆட்டினார். அவருக்கு இரட்டைக் காணிக்கை.

மைதானத்தை ஒட்டிய சுகாதார நிலையத்தின் ஜன்னல் வழியாக இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தாள் டாக்டர் விவென்சியா கதல்பாஸ். அந்த ஊர்க்காரிதான். தலைநகரத்துப் பல்கலைக்கழகத்தில் விழித்திரையை ஆராய்கிறவள். கண்ணின் பின்சுவரில் வெங்காயச் சருகைவிட மெல்லிசாக ஒட்டிக்கொண்டிருக்கிற திரை அது. அதில் ஒளி பட்டால்தான் நமக்கு உலகம். அந்தக் கரையோரத்தில் சில குடும்பங்களில் பொழுது சாய்ந்தாலே பிள்ளைகள் சுவரைத் தடவுகிறார்கள். அவர்களுடைய விழித்திரையில் மங்கலான ஒளியை உணர்கிற அணுக்கள் ஒவ்வொன்றாகச் செத்துப்போகின்றன. ஏன் என்று கண்டுபிடிக்கத்தான் அவள் படம் எடுக்கும் கருவியைத் தூக்கிக்கொண்டு வந்திருந்தாள். படம் இலவசம். பிஸ்கட்டும் இலவசம்.

அன்று காலையில் வந்தவர்கள் மூன்று பேர். ஒருவர் பிஸ்கட்டுக்கு வந்தார். ஒருவர் கைப்பேசிக்கு மின்சாரம் ஏற்ற வந்தார். மூன்றாவது ஆள் மட்டும் மாலைக்கண் உள்ள மகளைக் கூட்டிக்கொண்டு வந்த ஒரு மீனவர்.

“மருந்து இருக்கா டோக்டோரா?”

“இப்ப இல்லீங்க. தேடிக்கிட்டிருக்கோம்.”

“எப்பக் கெடைக்கும்?”

“தெரியல.”

அவர் ஜன்னல் பக்கம் திரும்பினார். “அங்க ஒருத்தர் அடுத்த வெள்ளிக்கிழமைங்கிறாரே” என்று சொல்லிவிட்டு, மகளின் கையைப் பிடித்துக்கொண்டு மைதானத்தைப் பார்த்து நடந்தார்.

‘தெரியல’ என்று நாணயமாகச் சொல்வதற்கு விவென்சியா பாதி ஆயுள் படிக்க வேண்டியிருந்தது. ‘தெரியும்’ என்று சொல்வதற்குப் பிரதருக்கு ஓர் ஒலிபெருக்கி போதுமாக இருந்தது.

மத்தியானம் அவளுடைய அண்ணன் ஹெர்மோஹெனஸ் வந்தான். ஊரில் மோகெங் என்றால்தான் தெரியும். ஜீப்னி என்கிற சிறு பேருந்து ஓட்டுகிறவன். தங்கை அவனுக்கு இந்தாய், அண்ணன் அவளுக்கு மனோங். முகம் முழுக்கச் சிரிப்பு.

“இந்தாய், ஒங்கண்ணனுக்குக் கண்ணு குணமாயிட்டு வருது தெரியுமா? நேத்து மொதல் அடைப்பு ஆச்சு. புள்ளி பளிச்சுன்னு தெரியுது!”

“ஒனக்கென்ன மனோங் கண்ணுக்கு? என்கிட்ட ஒண்ணும் சொல்லலியே.”

“நீ மீன் கண்ணு டாக்டர்தானே. ஆய்வுக்கூடத்துல தொட்டி மீனுக்குக் கண்ணு பாக்குறவகிட்ட என்னத்தச் சொல்ல? ஒண்ணுமில்ல, போன வாரம் வலது கண்ணு ஓரத்துல மின்னல் மாதிரி வெட்டிச்சு. அப்புறம் கொசு பறந்துச்சு. அடிச்சா ஒண்ணும் சாகல. இப்ப ரெண்டு நாளா கீழேருந்து கறுப்பா ஒரு திரை ஏறுது. அதுதான் பேய் வெளிய போற நெழலாம். பிரதர் சொன்னாரு.”

விவென்சியா எழுந்து நின்றுவிட்டாள். நாற்காலி பின்னால் சாய்ந்து விழுந்தது. அவனைப் பிடித்து உட்கார வைத்து, கருவியில் முகத்தைப் பொருத்தி, உள்ளே பார்த்தாள். பயந்தது சரியாக இருந்தது. விழித்திரையின் மேல் ஓரம் கிழிந்து, ஈரச் சுவரில் ஒட்டிய தாள் உரிவது போல உரிந்து தொங்கிக்கொண்டிருந்தது. நடுப்பகுதி இன்னும் ஒட்டியிருந்தது.

“மனோங், இப்பவே கிளம்பு. நகரத்துக்கு. அறுவை செய்யணும். நடுவுல இருக்கிறதும் பிஞ்சிடுச்சுன்னா பார்வை போயிடும்.”

“போடி! புள்ளிதான் தெரியுதே!”

“புள்ளிக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல!”

“அவரு காட்டிட்டுச் செய்யறாரு. நீ சும்மா சொல்ற. யாரை நம்பறது?” என்றான் மோகெங். “எனக்குப் பெரிய ஓட்டையாம், இன்னும் ரெண்டு அடைப்பு பாக்கி. என் சுல்தானையே காணிக்கையாக் குடுத்திருக்கேன்.”

சுல்தான் என்பது அவனுடைய சண்டைச் சேவல். ஊரில் அதோடு மோதிய சேவல்கள் எல்லாம் குழம்புக்குப் போயிருந்தன. பெண்டாட்டி சல்வா பிரசவ வலியில் இருந்தபோதுகூட அவன் சேவலுக்குத் தீனி வைத்துவிட்டுத்தான் வண்டியை எடுத்தான். அந்தச் சேவலையே கொடுத்துவிட்டான் என்றால் நம்பிக்கை எந்த அளவுக்கு முற்றியிருந்தது என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

விவென்சியா கோபத்தோடு நேரே மேடைக்குப் போனாள். அவள் செய்த தவறு, ஆய்வரங்கில் பேசுவது போலவே அங்கேயும் பேசியதுதான்.

“எல்லாரும் கேளுங்க. அது பேய் இல்ல. விழித்திரையிலேருந்து நரம்பெல்லாம் ஒண்ணாச் சேர்ந்து மூளைக்குப் போற எடத்துல ஒளியை உணர்ற அணு கிடையாது. அதுக்குக் குருட்டுப் புள்ளின்னு பேரு. கம்பி வெளிய போகச் செவுத்துல ஓட்டை போடறோம்ல, அந்த மாதிரி. எல்லார் கண்ணுலயும் இருக்கு. ரெண்டு கண்ணும் தொறந்திருந்தா ஒண்ணோட கொறையை இன்னொண்ணு ஈடுகட்டிடும். ஒரு கண்ணை மூடினாலும் அக்கம்பக்கத்துல இருக்கிறதை வெச்சு மூளையே அந்த எடத்தை நிரப்பிடும். அதனாலதான் நமக்குத் தெரியறதில்ல.”

பிரதர் சோசிமோ பொறுமையாகக் கேட்டார். ஒலிபெருக்கியை வாய்க்கு எடுத்தார்.

“கேட்டீங்களா மக்களே! படிச்ச டோக்டோராவே ஒத்துக்கிட்டாங்க! ஓட்டை இருக்கு! எல்லாருக்கும் இருக்கு!”

அதுவரைக்கும் வயதானவர்கள்தான் வரிசையில் நின்றார்கள். அரை மணியில் கைக்குழந்தைகளும் வந்துவிட்டன. விளம்பரத்துக்கு விவென்சியாவுக்குப் பிரதர் ஒரு பைசாகூடத் தரவில்லை.

சுகாதார நிலையத்துக்குத் திரும்பியவளிடம் மருத்துவச்சி லுவால்ஹாதி தண்ணீர் கொடுத்தாள்.

“டோக்டோரா, நீங்க ஓட்டையைப் பத்திப் பேசறீங்க. அவங்க அடைப்பைப் பத்திக் கேக்கறாங்க. ஓட்டை இருக்கறது சரி. அவரு அடைச்சப்புறம் புள்ளி எப்படித் தெரியுது?”

விவென்சியா டம்ளரைக் கீழே வைத்தாள். அது தெரியக் கூடாது. பூசை செய்தாலும் எண்ணெய் தடவினாலும் நரம்பு இருக்கிற இடத்தில் நரம்பு இருக்கும். ஆனால் எஸ்கோலாவுக்குத் தெரிந்தது. மோகெங்குக்குத் தெரிந்தது. இத்தனை பேரும் பொய் சொல்ல மாட்டார்கள்.

தெரியாததைத் தெரிந்துகொள்ள ஒரு வழிதான் உண்டு. அவளும் வரிசையில் நின்றாள்.

பிரதருக்கு வாயெல்லாம் பல். “வாங்க டோக்டோரா! அடைச்சுடுவோம்!” அட்டை அவள் கைக்கு வந்தது. இடது கண்ணை மூடிச் சிலுவையைப் பார்த்தாள். புள்ளி மறைந்தது. எத்தனையோ மாணவர்களுக்கு அவளே காட்டியதுதான். கட்டை விரலுக்குக் கீழே, அட்டையின் இடது கீழ் மூலையில், மெழுகு சொட்டிக் காய்ந்து நெருடியது. அப்புறம் புகை, எலுமிச்சை, எரிச்சல், கண்ணீர். பிரதர் அட்டைக்கு முத்தம் கொடுத்து, வானத்துக்குக் காட்டி, நீட்டினார்.

சிலுவையைப் பார்த்தாள். அட்டையைக் கிட்டே கொண்டுவந்தாள். தள்ளினாள். மறுபடியும் கிட்டே கொண்டுவந்தாள்.

புள்ளி இருந்தது.

ஒரு கணம் அவளுக்கு முதுகு சில்லிட்டது. அதையும் சொல்லத்தான் வேண்டும். கூட்டத்தின் நடுவில், கண் எரிய, புகை சூழ நிற்கிறபோது, படித்த படிப்பெல்லாம் ஒரு கணம் காலுக்குக் கீழே நழுவத்தான் செய்கிறது. ஏமாறுகிறவர்கள் எல்லாம் முட்டாள்கள் என்று நினைப்பவர்கள் அந்த மேடையில் ஒருமுறை ஏறிப் பார்க்கட்டும்.

அப்புறம் விரலை நகர்த்தினாள். மெழுகைக் காணோம். தேடினாள். அது அட்டையின் வலது மேல் மூலையில் இருந்தது.

மெழுகு நடந்து போகாது.

அவளுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. கண்ணைத் துடைப்பது போல முகத்தைக் கைக்குட்டையால் மூடிக்கொண்டாள். “டோக்டோரா அழறாங்க! டோக்டோராவுக்கே அடைச்சாச்சு!” என்று பிரதர் கூவினார். அவள் மறுக்கவில்லை. குனிந்த தலையோடு இறங்கிப் போனாள்.

“என்ன டோக்டோரா, நீங்களுமா?” என்று லுவால்ஹாதி நொந்துகொண்டாள்.

“பிஸ்கட் வந்த அட்டைப்பெட்டி எல்லாத்தையும் எடு” என்றாள் விவென்சியா. “கத்தரிக்கோல் இருக்கா?”

மறுநாள் காலை முதல் வாரத்தின் நிறைவு விழா. ஊர்த்தலைவர் கேப்டன் பொலிகார்பியோ இஸ்திரி போட்ட சட்டையில் வந்து, பிரதருக்கு மாலை போட்டு, ஊரின் நன்றியைப் பேசினார். கடைகளுக்கு இடம் வாடகைக்கு விட்ட வகையில் ஊருக்கு நன்மை. அந்த ஊரில் ‘ஊர்’ என்றால் கேப்டனின் மைத்துனன் என்று அர்த்தம். விவென்சியா கை தூக்கினாள். குணமான டாக்டர் சாட்சி சொல்லப்போகிறாள் என்று பிரதரே கைப்பிடித்து மேடையேற்றினார்.

“ஓட்டை அடைச்சது எனக்கு ரொம்பச் சந்தோஷம். எல்லாருக்கும் அந்தச் சந்தோஷம் கிடைக்கணும்னு ஆளுக்கொரு அட்டை கொண்டாந்திருக்கேன்.”

லுவால்ஹாதி பிஸ்கட் பெட்டியை வெட்டிச் செய்த அட்டைகளை வரிசை வரிசையாகக் கொடுத்துக்கொண்டே போனாள். இடது ஓரம் சிலுவை, வலது ஓரம் புள்ளி. பின்பக்கத்தில் பால் பிஸ்கட் விளம்பரத்தின் துண்டு.

“மொதல்ல இன்னும் அடைக்காதவங்க யாராச்சும் ஒருத்தர் வாங்க. கேப்டன், ஒங்களுக்கு அடைச்சாச்சா?”

கேப்டன் நெளிந்தார். “எனக்கு… வேலை அதிகம். நேரம் கெடைக்கல.”

“ஊரையே அடைக்க வெச்சுட்டு நீங்க அடைச்சுக்கலியா கேப்டன்?” என்று எஸ்கோலா கீழேயிருந்து குரல் கொடுத்தாள். கூட்டத்தில் சலசலப்பு. கேப்டன் வேறு வழியில்லாமல் அட்டையைப் பிடித்தார்.

“புள்ளி?”

“காணோம்.”

“பேய் இருக்கு. இப்ப அந்த அட்டையை அப்படியே தலைகீழாத் திருப்புங்க. சிலுவை வலது பக்கம் வரட்டும். அதே கண்ணு. சிலுவையை மட்டும் பாருங்க. கிட்டக் கொண்டாங்க. புள்ளி?”

கேப்டன் அட்டையைக் கிட்டே கொண்டுவந்தார். மூக்கில் இடித்தது.

“தெரியுதே!”

“இன்னும் நல்லாப் பாருங்க.”

“எங்க வெச்சாலும் தெரியுது!”

“கேப்டனுக்குப் பேய் போயிடுச்சு” என்றாள் விவென்சியா. “புகை கெடையாது, எலுமிச்சை கெடையாது, காணிக்கை கெடையாது. அட்டையைத் திருப்பினாப் போதும். வலது கண்ணோட ஓட்டை வலது பக்கமாத்தான் இருக்கு. புள்ளி இடது பக்கம் போயிட்டா அந்த ஓட்டையில எப்படி விழும்? இப்ப நேத்து அடைச்சவங்க எல்லாம் எடுங்க. சிலுவையை மறுபடியும் இடது பக்கம் வையுங்க.”

நூற்றுக்கணக்கான கைகள் நூற்றுக்கணக்கான இடது கண்களைப் பொத்தின. மைதானம் ஒரு பெரிய வகுப்பறை போல அமைதியாயிற்று. அங்கங்கே முனகல் கிளம்பியது.

“எனக்குக் காணோம்.”

“எனக்கும்தான். நேத்துத்தான் அடைச்சாரு!”

“திருப்பு, திருப்பு… ஆமா, வந்துடுச்சு!”

“மறுபடியும் திருப்பு… போயிடுச்சு!”

பிரதர் ஒலிபெருக்கியைப் பிடுங்கினார். “சந்தேகப்பட்டா அடைப்பு பிச்சுக்கும்! டோக்டோரா கைபட்ட அட்டையில அருள் இல்ல! அதனாலதான் ஒங்க கண்ணு—”

“சரி பிரதர், எங்க கண்ணை விடுங்க” என்று மனாங் எஸ்கோலா மேடைக்கே ஏறிவிட்டாள். வாரம் முழுக்கச் சூரை மீன் வெட்டிய கை. “ஒங்க கண்ணுல ஓட்டையே கெடையாதுன்னு சொன்னீங்கல்ல? இந்தாங்க, ஒங்க அட்டையேதான். பார்த்துச் சொல்லுங்க.”

அட்டையை அவர் கையில் திணித்தாள். சிலுவை இடது பக்கம், புள்ளி வலது பக்கம். மைதானமே அவர் கையைப் பார்த்துக்கொண்டிருந்தது. பிரதர் சோசிமோ வியர்த்தார். எத்தனையோ ஊர்களில் எத்தனையோ ஆயிரம் தடவை செய்து பழகிய கை. அது எஜமானனைக் கேட்கவில்லை. அட்டையை வாய்க்குக் கொண்டுபோனார். முத்தம் கொடுத்தார். வானத்துக்குக் காட்டினார். இறக்கும்போது, பூப்போல, அட்டை தலைகீழாகத் திரும்பியிருந்தது.

“ஏன் திருப்பினீங்க?” என்றாள் விவென்சியா.

பிரதர் தன் கையையே பார்த்தார். அந்தக் கை வேறு யாருடையதோ போல.

“அடப் பாவி!” என்றாள் எஸ்கோலா. “அட்டையைத் திருப்பினதுக்கா எங்கிட்ட அத்தனை வாங்கின? மீனைத் திருப்பிப் போட்டு எடை போட்டாலே இந்த ஊரு என்னை அடிக்க வருது!”

சிரிப்பு வெடித்தது. அப்புறம் சிரிப்பு நின்றது. அதுதான் பயங்கரம். இரட்டைக் காணிக்கை கொடுத்த கிழவரின் மகன் செருப்பைக் கழற்றிக்கொண்டு முன்னால் வந்தான். பிரதர் சோசிமோ ஒலிபெருக்கியைப் போட்டுவிட்டு மேடைக்குப் பின்னால் குதித்தார். அங்கி பந்து வளையக் கம்பத்தில் மாட்டிக் கிழிந்தது. அங்கிக்குள்ளே கூடைப்பந்து அணியின் பனியன், முதுகில் ஏழாம் எண். காணிக்கைப் பெட்டியைத் தூக்க ஓடியவரை ஊர்க்காவல் ஆட்கள் இரண்டு பேர் பிடித்தார்கள். மாலை மட்டும் கழுத்திலேயே கிடந்தது. காவல் நிலையத்துக்கு மாலையோடு போனவர் அந்த வட்டாரத்தில் அவர் ஒருவர்தான்.

கேப்டன் பொலிகார்பியோ தரையில் கிடந்த ஒலிபெருக்கியை எடுத்தார். “எனக்கு மொதல் நாளே சந்தேகம்தான்” என்று ஆரம்பித்தார். யாரும் கேட்கவில்லை.

மோகெங் கடைசி வரிசையில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தான். மடியில் அட்டை. அவன் அதைத் திருப்புவதும் பார்ப்பதுமாக இருந்தான். பக்கத்தில் சல்வா அவன் தோளைப் பிடித்துக்கொண்டு அழுதுகொண்டிருந்தாள்.

“தெரிஞ்சுது இந்தாய்” என்றான். “சத்தியமாத் தெரிஞ்சுது. அதனாலதான்…”

“எனக்கும்தான் தெரிஞ்சுது மனோங். அதை விடு. திரை இப்ப எதுவரைக்கும் ஏறியிருக்கு?”

அவன் இடது கண்ணை மூடிக்கொண்டு உள்ளங்கையைத் தாடையில் வைத்தான். மெதுவாக உயர்த்தினான். மூக்கின் நடுவில் வந்து நின்றது கை. அங்கிருந்தும் கொஞ்சம் உயர்த்தினான்.

“ஒம் மொகத்துல வாய் தெரியல” என்றான், சின்னக் குரலில்.

அவனுடைய ஜீப்னியிலேயே கிளம்பினார்கள். வண்டியை ஓட்டியது சல்வாவின் தம்பி. வழியெல்லாம் ஆட்கள் கை காட்டினார்கள். நிறுத்தவில்லை. மோகெங் வாழ்க்கையில் முதல் தடவையாகப் பயணி இருக்கையில் உட்கார்ந்து, ஒரு பள்ளத்துக்கும் ஓட்டுநரைத் திட்டாமல் வந்தான்.

அன்றே அறுவை நடந்தது. கிழிசலை ஒட்டி, கண்ணுக்குள் வாயுக் குமிழி ஒன்றை விட்டு, தலையைக் கவிழ்த்தே வைத்திருக்க வேண்டும் என்றார்கள். மோகெங் தலையணையில் முகம் புதைத்துக் கிடந்தான். பார்க்க வந்தவர்கள் எல்லாரும் அவனுடைய பிடரியோடு பேசிவிட்டுப் போனார்கள்.

“நடுப்பகுதி ஒட்டியிருக்கும்போதே வந்திருந்தா முழுசாக் காப்பாத்தியிருக்கலாம்” என்றார் அறுவை செய்தவர், தாழ்வாரத்தில். “வர்ற வழியிலயோ, முந்தின நாள் ராத்திரியிலயோ அதுவும் பிஞ்சிருக்கு. பாதிதான் திரும்பும்.”

பாதிதான் திரும்பியது. அந்தக் கண்ணுக்கு நேர் கோடு நேராகத் தெரியவில்லை. சாலையின் நடுவில் போட்ட வெள்ளைக் கோடு தண்ணீரில் நனைந்த நூல் போல வளைந்து கிடந்தது. உரிமத்தைப் புதுப்பிக்கப் போய், எழுத்துப் பலகையின் முன்னால் நின்று, தானே திரும்பி வந்துவிட்டான். ஜீப்னியை மைத்துனனிடம் கொடுத்தான். சுல்தான் என்ன ஆயிற்று என்று அவன் கேட்கவேயில்லை. பிரதரின் கூட்டாளிகள் வாங்கிய அன்றே அதைச் சமைத்துவிட்டார்கள் என்று மற்றவர்களும் சொல்லவில்லை.

“மின்னல் வெட்டினப்ப பயந்தேன்” என்றான் ஒரு நாள், தங்கையிடம். “அந்தப் பயத்தோடயே ஒங்கிட்ட வந்திருப்பேன். அவன் பேயைக் காட்டினதுகூடப் பரவால்ல வென்சி. குணமாயிடுச்சுன்னு காட்டினான் பாரு, அதுலதான் கண்ணு போச்சு.”

விவென்சியா அவனுடைய கண்ணில் மருந்துச் சொட்டை விட்டாள்.

சுகாதார நிலையத்தில் இப்போது வரிசை நிற்கிறது. மாலைக்கண் குடும்பங்கள் வந்து படம் எடுத்துக்கொள்கின்றன. மருந்து எப்போது என்று கேட்கிறார்கள். தெரியல என்கிறாள். சரி, அடுத்த வருஷமும் வர்றோம் என்கிறார்கள். ஊர் திருந்திவிட்டது என்று எழுதி இத்துடன் முடித்துவிடலாம். ஆனால் போன மாதம் அந்த வழியாகப் போனபோது பார்த்தேன். ஜீப்னிகளில் ஓட்டுநருக்கு முன்னால், ஜெபமாலைக்குப் பக்கத்தில், பிஸ்கட் அட்டை தொங்குகிறது. சிலுவையும் புள்ளியும். ‘டோக்டோரா கைபட்ட அட்டை, கண்ணுக்கு நல்லது’ என்றார் ஓர் ஓட்டுநர். கேப்டனின் மைத்துனன் கடையில் விற்கிறானாம்.

கண்ணில் இருக்கிற ஓட்டையை மூளை நிரப்பிக்கொள்ளும். அதற்குச் செலவில்லை. மூளையில் ஓட்டை விட்டு வைத்தீர்களானால், நிரப்புவதற்கு வெளியிலிருந்து ஆள் வருவான். மாலையும் மேளமுமாக வருவான், வீட்டு வாசலுக்கே வருவான். அவனை வரவேற்க வரிசையில் நிற்கப் போகிறீர்களா, அவன் நீட்டுகிற அட்டையை ஒருமுறை திருப்பிப் பார்க்கப் போகிறீர்களா?